மூணு வாசல் வச்ச தீப்பெட்டி ஆபீஸ்

உக்காருங்க தாயி. அந்தச் சேர் வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல ஒரு கலர் சோடா குடிங்க, அப்புறம் பேசிக்கலாம். ஏ ஜெயக்கொடி, இந்தப் பிள்ளைக்கு ஒரு கலர் எடுத்துட்டு வா. என் வீட்டுக்காரி. காது கொஞ்சம் மந்தம். ரெண்டு தடவை கூப்பிடணும்.

போன்ல என்னமோ கேட்டீகளே, உங்க ஆபீஸ் ஏன் பெருசா வளரலைன்னு. நான் அன்னைக்குப் பூராம் அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். மெட்ராஸ்ல பொருளாதாரம் படிக்கிறீக, நம்மள மாதிரி நாடுகள்ல சின்னத் தொழிலெல்லாம் ஏன் சின்னதாவே கெடக்குதுன்னு ஆராய்ச்சி பண்றீக. நல்ல ஆராய்ச்சிதான், குத்தம் சொல்லலை. ஆனா அதுக்கு நீங்க சாத்தூரு, கோவில்பட்டின்னு அலைய வேண்டியதில்லை. என் ஒருத்தனைக் கேட்டாப் போதும். சர்க்கார் வளர விடலை. அம்புட்டுதான். எழுதிக்கோங்க. இந்தத் தவமணி வளர மாட்டேன்னு சொல்லலை, வளர விடலை.

ஆபீஸ்னதும் மேஜை நாற்காலின்னு நெனச்சிராதீக. எங்க பக்கம் தீப்பெட்டி செய்யுற எடத்தை ஆபீஸ்னுதான் சொல்லுவோம். அந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரியுதில்ல, தகரக் கூரை, அதுதான். மூணு வாசல் இருக்கும், எண்ணிப் பாருங்க. மூணு ஆபீஸ்னு நெனைப்பீக. ஒண்ணுதான் தாயி. எல்லாம் ஒரே ஷெட்டு. வாசல் மட்டும் மூணு.

ஏன் மூணுன்னு கேக்குறீக. அதைத்தான் சொல்லப் போறேன்.

எங்கய்யா போகும்போது எனக்கு மீசை சரியா மொளைக்கலை. அவர் விட்டுட்டுப் போனது ஒரு சின்ன ஷெட்டு, கேரளாவுல ரெண்டு வியாபாரி பழக்கம், அம்புட்டுதான். நான் பேய் மாதிரி ஒழைச்சேன். ஷெட்டை அப்படியே பின்னால இழுத்து இழுத்துக் கட்டினேன். பொம்பளைக கட்டை அடுக்க உக்காந்தாகன்னா, வாசல்ல இருக்கிறவளுக்குக் கடைசியில இருக்கிறவ மொகம் தெரியாது. கட்டை அடுக்குறதுன்னா, ஒரு மரச் சட்டத்துல குச்சியை ஒண்ணொண்ணா நிறுத்தி வைக்கிறது. அதை மெழுகுல முக்கி, மருந்துல முக்கி, காய வச்சு, பெட்டியில அடைக்கணும். எல்லாம் கை வேலை. சுப்புத்தாய்னு ஒருத்தி இருந்தா, அவ அடுக்குறதைப் பாத்தா கையில வெரல் இருக்கான்னே சந்தேகமா இருக்கும், அம்புட்டு வேகம்.

இப்படி நல்லாப் போய்க்கிட்டிருக்கையில ஒரு நாள் எங்க ஆடிட்டர் வந்தாரு. நல்ல மனுசன், இப்ப இல்லை. ஷெட்டை இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் நடந்து பாத்துட்டு, தலையில கைய வச்சுக்கிட்டாரு. "என்னய்யா தவமணி, இப்படிப் பெருசாக்கி வச்சிருக்கீரு"ன்னாரு. ஏன் சார், பெருசானா நல்லதுதானேன்னேன். "யாருக்கு நல்லது?"ன்னு கேட்டாரு.

அப்பச் சட்டம் அப்படி தாயி. நீங்க படிச்சிருப்பீக. கரண்டு மெஷின் இல்லாம, கையால, அளவாச் செஞ்சா வரி பேருக்குத்தான். அளவு தாண்டினாலோ, மெஷின் போட்டாலோ வரி கழுத்தைப் பிடிக்கும். சர்க்கார் கெட்ட எண்ணத்துல செய்யலை. கரிசக்காடு, மழை கெடையாது, வெள்ளாமை கெடையாது, பொம்பளைகளுக்கு வேலை வேணும். பெரிய மெஷின்காரன் வந்து எல்லாத்தையும் முழுங்கிறக் கூடாது. சரிதானே. ஆனா நடந்தது என்ன? வளராம இருக்கிறவனுக்கு மிட்டாய், வளந்தவன் முதுகுல அடி. நீங்களே சொல்லுங்க, எந்தப் பிள்ளை வளரும்?

"ஒண்ணைப் பெருசாக்காதீரும், மூணாக்கும்"னாரு ஆடிட்டர். அவ்வளவுதான் யோசனை. மறுவாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு ஷெட்டுக்குள்ள குறுக்க ரெண்டு செவுரு எழுப்பினேன். முன்னால மூணு வாசல், மூணு போர்டு. மொத வாசல் என் பேர்ல, மயில் மார்க். ரெண்டாவது ஜெயக்கொடி பேர்ல, மணி மார்க். மூணாவதுக்கு யார் பேரை வைக்கிறது? வீட்டுல தங்கச்சி இருந்தா, அன்னக்கனி. கட்டிக் குடுத்து ரெண்டு வருசத்துல புருசன் போயிட்டான், பிள்ளையும் தங்கலை, திரும்பி வந்துட்டா. சும்மாதானே இருக்கான்னு அவ பேரை வச்சோம். என்ன மார்க் வேணும்னு ஒரு பேச்சுக்குக் கேட்டேன். பம்பரம்னா. பொம்பளைப் பிள்ளை பம்பரம் கேக்குறா, பாருங்க. சரி வச்சுட்டுப் போன்னு விட்டுட்டேன்.

செவுத்துல ஒரு ஓட்டை விட்டிருந்தோம், கட்டை போய் வர்றதுக்கு. மருந்து முக்குறது பூராம் என் பக்கத்துலதான். எக்சைஸ் ஜீப்பு, அதான் வரிக்காரக ஜீப்பு, ரோட்டுல திரும்பினதும், டீக்கடைக்காரர் சைக்கிள் மணியை விடாம அடிப்பாரு. ஓட்டையில லேபிள் பண்டலை வச்சு அடைச்சிருவோம். ஜெயக்கொடியை அடுப்படியில இருந்து இழுத்துட்டு வந்து ரெண்டாவது ஆபீஸ்ல உக்கார வைப்போம், அன்னக்கனியை மூணாவதுல. ஒருக்க ஒரு இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடிகிட்ட "உங்க மார்க் என்னம்மா"ன்னு கேட்டுட்டாரு. இவ வாத்துன்னுட்டா. எங்ககிட்ட வாத்தே கெடையாது. நான் நடுவுல புகுந்து, அடுத்த வருசம் போடப் போற மார்க்கு சார் அதுன்னு சமாளிச்சேன். பொம்பளைகெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாக. ஜெயக்கொடியும் சிரிச்சா, எதுக்குன்னு அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அன்னக்கனி அப்படியில்லை. அவ அதைப் பெருசா எடுத்துக்கிட்டா. ஜீப்பு வர்ற சத்தம் கேட்டதும் கையைக் கழுவிட்டு, சேலையைச் சரி பண்ணிட்டு, மேஜைக்குப் பின்னால உக்காந்துருவா. இன்ஸ்பெக்டர் கேக்குறதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்லுவா. குச்சி எங்கிருந்து வருது, மருந்து என்ன விலை, எந்த ஊருக்கு எத்தனை பண்டல் போகுது, எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. இன்ஸ்பெக்டரே "உங்க தங்கச்சிதாய்யா அசல் மொதலாளி"ன்னு சிரிச்சாரு. ஜீப்பு அந்தப் பக்கம் திரும்பினதும், ஏ கனி, எந்திரி, எல்லாருக்கும் டீத்தண்ணி போடுன்னு சொல்லுவேன். அவளும் சிரிச்சுக்கிட்டேதான் எந்திரிப்பா. எத்தனை வருசம், ஒரு நாள் மொகம் சுளிச்சதில்லை. அப்படி இருந்தவதான்.

கலர் நல்லாருக்கா? குடிங்க, குடிங்க. சூடாயிரும்.

விசிறியைப் பத்தியும் எழுதிக்கோங்க. சித்திரை மாசம், தகரக் கூரை, உள்ள மருந்து நெடி. உக்காந்திருந்தா வேர்வை தரையில சொட்டும். பொம்பளைக அன்னக்கனி மூலமாச் சொல்லிவிட்டாக, ஒரு காத்தாடி போடச் சொல்லி. நான் மாட்டேன்னுட்டேன். கரண்டு இல்லாத ஆபீஸ்னு எழுதிக் குடுத்திருக்கோம், உள்ள காத்தாடி சுத்தினா, கரண்டு இருக்குதேன்னு எவனாவது பிடிச்சுக்கிட்டா? ஆடிட்டர் சொல்லத்தான் செஞ்சாரு, காத்தாடிக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாக, போடுமய்யான்னு. நான் எச்சரிக்கையான ஆள். கடைசி வரைக்கும் போடலை. சுப்புத்தாய் ரெண்டு தடவை மயங்கி விழுந்தா. மோர் வாங்கிக் குடுத்தேன். யாரையும் நான் பட்டினியாப் போட்டதில்லை தாயி, அதை யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க.

இப்படியே ஓடிச்சு. நல்லாத்தான் ஓடிச்சு. என் ஆபீஸ்ல அளவு தாண்டுற மாதிரி இருந்தா, மிச்சத்தைத் தூக்கி அன்னக்கனி கணக்குல போடுவேன். விதவைப் பொம்பளை பேர்ல இருக்குன்னு அவ ஆபீஸ்ல யாரும் ரொம்பக் கிண்ட மாட்டாக. கேரளா வியாபாரி ரெண்டு பேரையும் அவ மார்க்குலயே எழுதினேன். பம்பரம் அங்க நல்லா ஓடிச்சு. அதுக்குக் காரணம் நான்தான். எல்லாச் சரக்கையும் நான்தானே அதுல ஏத்திவிட்டேன்.

ஒரு நாள் சாப்பாடு போடும்போது சொன்னா, "அண்ணே, செவுரு ரெண்டையும் எடுத்துட்டு ஒரு மெஷின் போடுவமா? அங்கங்க போட ஆரம்பிச்சுட்டாகளாம். வரி கட்டிட்டுப் போவோம். நம்மகிட்ட வேலை தெரிஞ்ச பிள்ளைக இருக்கு, இப்பவே பழக்கிட்டா நல்லது"ன்னு. நான் சோத்துல இருந்து கையை எடுக்காமச் சிரிச்சேன். ஏ கனி, நாம சின்னதா இருக்கிறதுக்குத்தான் சர்க்கார் நமக்குச் சலுகை குடுக்குது, தெரியுமா, பெருசானா அதுவும் போச்சுன்னேன். "என்னைக்கும் குடுக்குமா?"ன்னு கேட்டா. குடுக்காம எங்க போகும்? ஓட்டு வேணும்ல? அப்படித்தான் சொன்னேன். நீங்க இருந்தா நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீக. அப்ப எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். இந்தத் தெருவுலயே நாலு ஷெட்டுல செவுரு இருந்துச்சு. எவனுக்கும் பெருசாகணும்னு தோணலை. பெருசாகாம எப்படித் தப்பிக்கிறதுங்கிறதுலதான் எல்லாருக்கும் மூளை வேலை செஞ்சுச்சு.

அப்புறம் மேல இருக்கிறவுக யோசனை மாறிருச்சு. உங்களை மாதிரிப் படிச்சவுக யாரோ சொல்லியிருப்பாக, சின்னச் சின்னதாக் கெடந்தா நாடு முன்னேறாது, எல்லாம் பெருசாகணும், மெஷினுக்கு மாறணும், வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணணும்னு. சலுகையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாக. கை வேலைக்கும் மெஷினுக்கும் ஒரே வரின்னு ஆச்சு. இருவது வருசமா எங்களைக் குனிய வச்சுப் பழக்கிட்டு, இப்ப திடீர்னு நிமிந்து ஓடுங்கடான்னா எப்படி ஓடுறது? முதுகெலும்பு வேணாமா?

கழுகுமலை ரோட்டுல வெளியூர்க்காரன் ஒருத்தன் பெரிய மெஷின் கம்பெனி ஆரம்பிச்சான். இந்தப் பக்கம் மரத்தைப் போட்டா, அந்தப் பக்கம் பெட்டியா வந்து விழுதாம். எங்க ஆபீஸ்ல ஒரு நாள் பூராம் செய்யுறதை அவன் காலையில டீக்குள்ள செஞ்சிருவான். அது பத்தாதுன்னு பிளாஸ்டிக் லைட்டர் வேற. டீக்கடையில கூட லைட்டரைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டுட்டாக. எங்க டீக்கடைக்காரர், சைக்கிள் மணி அடிச்சவரு, அவரே. ஒரு மாசம் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போகலை.

அப்பத்தான் ஒரு சர்க்கார் திட்டம் வந்துச்சு. இதைத்தான் நீங்க கவனமாக் கேட்டுக்கணும். தொழில் துறையில இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. சின்ன வயசு, நல்ல பிள்ளை, தப்புச் சொல்ல முடியாது. "ஐயா, மெஷின் விலையில பெரும்பகுதியைச் சர்க்கார் குடுக்கும், மிச்சத்துக்கு பேங்க்ல நாங்க சொல்றோம். ஆனா இத்தனை உற்பத்தி காட்டுன கம்பெனியா இருக்கணும். ஒரே கம்பெனியா இருக்கணும்"னாரு. இத்தனைங்கிறது என் மூணு ஆபீஸையும் சேத்தாச் சரியா வரும். எனக்கு சந்தோசம்னா சந்தோசம். செவுரை இடிச்சுட்டா நான் பெரிய கம்பெனி. கொத்தனாருக்குக் கூடச் சொல்லிவிட்டுட்டேன்.

அதிகாரி ஒரு நாள் நேர்ல பாக்க வந்தாரு. காலையில பத்து மணி இருக்கும். பொம்பளைகெல்லாம் கட்டை அடுக்கிக்கிட்டிருக்காக. நான் வேட்டி சட்டையெல்லாம் புதுசு போட்டு நிக்கிறேன். "மூணு பேரும் சேந்து ஒரே கம்பெனியா ஆகச் சம்மதமான்னு நான் நேர்ல கேட்டு எழுதணும். உங்களுக்குச் சம்மதம். ரெண்டாவது ஆபீஸ் உரிமையாளர் யாரு?"ன்னாரு. ஜெயக்கொடி தலையை ஆட்டினா. "மூணாவது?"ன்னாரு. நான் சிரிச்சுக்கிட்டே, அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதான் சார், அவளுக்குத் தனியாக் கேக்க என்ன இருக்கு, எழுதிக்கோங்கன்னேன். "இல்லைங்கய்யா, அவங்க சொல்லணும். கணக்குப்படி அவங்க ஆபீஸ்தான் உங்க மூணுலயும் பெருசு. அவங்க இல்லேன்னா அளவு வராது"ன்னாரு.

அன்னக்கனி அவ வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. கை கழுவலை, சேலையைச் சரி பண்ணலை. கையெல்லாம் பசை. அந்தப் பிள்ளை அவளைப் பாத்து, "அம்மா, உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டாரு.

"பங்குல என் பேரும் இருக்குமா?"ன்னு அவரைக் கேட்டா. என்னைக் கேக்கலை, அவரைக் கேட்டா.

அவரு என்னைப் பாத்தாரு. பேரெல்லாம் ஒரு பேர் போதும் சார், நிர்வாகத்துக்கு அதுதான் வசதின்னேன்.

"அப்ப எனக்குச் சம்மதமில்லைங்க சார்"னா. சத்தமாக் கூடச் சொல்லலை. "என் பேரும் இருக்கணும். கணக்கு வழக்கு நானும் பாக்கணும். மெஷின் வந்தா இந்தப் பிள்ளைகளுக்கு அதைக் கத்துக் குடுக்கணும், வெளிய இருந்து ஆம்பளைகளைக் கூட்டிட்டு வரக்கூடாது. இது மூணும் இருந்தா எங்க சொன்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

அம்புட்டுப் பேரும் கட்டை அடுக்குறதை நிறுத்திட்டாக. இருவது வருசமாச் சோறு போட்டவன் நான். நடுத்தெருவுல நிக்க வேண்டியவளை வீட்டுல வச்சுக் காப்பாத்தினவன் நான். போர்டுல பேர் போட்டது யாரு? நான். பேருக்குத்தானே போட்டோம்? அவளுக்குத் தெரியாதா பேருக்குத்தான்னு? என்னமோ நெசமாவே மொதலாளி மாதிரிப் பேசுறா. அதுவும் வேலைக்காரப் பொம்பளைக முன்னால, ஒரு அதிகாரி முன்னால.

இதெல்லாம் அவ சொந்தப் புத்தியில பேசலை தாயி. அந்தச் சுப்புத்தாய் கூட்டம் ஏத்திவிட்டிருக்கும். அன்னக்கனிக்கு அம்புட்டு யோசனை வராது.

அதிகாரி நல்லவிதமாத்தான் எடுத்துச் சொன்னாரு. "ஐயா, அவங்க கேக்குறது பெரிய விசயம் இல்லையே. பங்குதாரரா எழுதிக்கலாம். பழக்குறதுக்கும் நாங்களே ஆள் அனுப்புறோம். ஒத்துக்கோங்க"ன்னு. ஜெயக்கொடி கூட என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா, "எழுதிக் குடுத்துத் தொலைங்களேன்"னு. காது கேக்காதவளுக்கு அன்னைக்குன்னு பாத்து எல்லாம் கேட்டுருக்கு. நான் சொன்னேன், தங்கச்சி தயவுல எனக்கு மெஷின் வேணாம் சார், போயிட்டு வாங்கன்னு. அப்புறம் போயிட்டாரு. ஒரு மாசம் வரைக்கும் டைம் இருக்கு, யோசிங்கன்னு போற போக்குல சொன்னாரு. நான் ஏன் யோசிக்கணும்? யோசிக்க வேண்டியது அவ. நானும் தெனமும் காலையில எதிர்பாத்தேன், வந்து மன்னிப்புக் கேப்பா, சரின்னு சொல்லுவான்னு. வரலை. பின்தெருவுல ஒரு ரூம் பாத்துத் தனியாப் போயிட்டா. அண்ணன் நான், அவதானே கீழ எறங்கி வந்திருக்கணும், இல்லையா? நீங்களே சொல்லுங்க. நீங்க எழுதிக்கிட்டே இருக்கீக, பதில் சொல்ல மாட்டேங்கிறீக.

அந்தத் திட்டம் வேற யாருக்கோ போயிருச்சு.

அப்புறம் என்ன, இறக்கம்தான். மொதல்ல என் ஆபீஸ்தான் மூடினேன். மருந்து விலை ஏறிப்போச்சு, பெட்டி விலை ஏற மாட்டேங்குது. கழுகுமலை ரோட்டுக்காரன் விக்கிற விலைக்கு என்னால குச்சி கூட வாங்க முடியாது. அடுத்தாப்புல ஜெயக்கொடி ஆபீஸ். அன்னக்கனி மட்டும் விடலை. நான் நிறுத்தின பொம்பளைகளையெல்லாம் தன் பக்கம் கூப்பிட்டு உக்கார வச்சா. அந்த மூணாவது தடுப்புக்குள்ள அம்புட்டுப் பேரும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு உக்காந்து அடுக்கினாக. செவுத்துக்கு இந்தப் பக்கம் என் எடம் காலியாக் கெடக்கு. கேக்கலாம்ல? அண்ணே, கொஞ்சம் எடம் குடுங்கன்னு கேட்டா நான் என்ன இல்லேன்னா சொல்லப் போறேன்? கேக்கலை. நானும் சொல்லலை.

எப்படியோ ஒரு வருசம் ஓட்டினா. கேரளாவுக்கு அவளே பஸ் ஏறிப் போயி வியாபாரிகளைப் பாத்துட்டு வந்தா. அவுக பழக்கத்துக்காகக் கொஞ்ச நாள் வாங்கினாக, அப்புறம் அவுகளும் கையை விரிச்சுட்டாக. மெஷின் பெட்டி வழவழன்னு இருக்கு, விலையும் கம்மி, நாங்க என்னம்மா செய்யன்னுட்டாக. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கூலியைக் குடுத்து, பூட்டிட்டா. நான் இங்கதான் உக்காந்திருந்தேன், இதே எடத்துல. பொம்பளைக வாசல்ல நின்னு அழுதாக. அன்னக்கனி அழலை. சாவியை இடுப்புல சொருகிட்டு நேரா நடந்து போனா, இந்தப் பக்கம் திரும்பியே பாக்கலை. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை. உண்மையைச் சொல்றேன், எறங்கலை.

அதுக்குப் பெறகு நான் போனேன் தாயி. போகாம இல்லை. அந்த ரூமுக்குப் போயி வாசல்லயே நின்னு சொன்னேன், ஏ கனி, சரி, உன் பேரையும் சேத்துக்கலாம், பங்கு போட்டுக்கலாம், அதிகாரியைப் போயி ரெண்டு பேரும் பாப்போம்னு. அவ சாப்பாட்டு டப்பா கழுவிக்கிட்டிருந்தா. கையைத் தொடைச்சுட்டு வந்து, "எந்த அதிகாரிண்ணே? அவரு மாத்தலாகிப் போயி எத்தனை மாசம் ஆச்சு, திட்டமும் முடிஞ்சு போச்சு. நான் போயிக் கேட்டுட்டு வந்துட்டேன்"னா. நீ எப்பப் போனேன்னு கேட்டேன். "மூடுறதுக்கு முந்தி. உங்க பேரையும் சேத்துத்தான் கேட்டேன்"னா.

ஒரு டம்ளர் தண்ணி குடுத்தா, குடிச்சுட்டு வந்துட்டேன்.

இப்ப மத்தவுக என்ன பண்றாகன்னா கேக்குறீக? என்னத்தப் பண்ணுவாக. சின்னப் பிள்ளைகளாப் பாத்து நாலஞ்சு பேரைத் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிக்கு வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாக. மிச்சப் பேரு நூறு நாள் வேலைக்குப் போறாக, அதுவும் நூறு நாள் எங்க இருக்கு. சுப்புத்தாய் அந்தா அந்த வேப்பமரத்தடியில உக்காந்திருப்பா. பேசிக்கிட்டே இருக்கும்போது வெரல் தானா எதையோ அடுக்கிக்கிட்டே இருக்கும். அவ மகன் சத்தம் போடுவான், கையைச் சும்மா வைம்மான்னு. எம் மகன் பெங்களூர்ல இருக்கான், கம்ப்யூட்டர்ல ஏதோ. இந்தத் தொழிலே அவனுக்குப் பிடிக்காது. ஷெட்டை வித்துருங்கப்பாங்கிறான். எவன் வாங்குவான்? ஆடிட்டர் பேச்சைக் கேட்டு எடத்தையும் மூணு பேர் பேர்லயே எழுதி வச்சிருக்கு, நடுவுல செவுரு, மூணு பேரும் சேந்து வந்து கையெழுத்துப் போடணும்.

அதனால, தாயி, நீங்க எழுதும்போது இதைத் தெளிவா எழுதணும். மொதல்ல சின்னதா இருங்கன்னு சொன்னது சர்க்கார். அப்புறம் பெருசாகுங்கன்னு சொன்னதும் சர்க்கார். நடுவுல நாங்க செத்தோம். அதுதான் காரணம். வளராத நாட்டுல தொழில் ஏன் வளரலைன்னா இதுதான் காரணம். அடிக்கோடு போட்டு எழுதுங்க. என் பேரைப் போட்டாலும் சரி, எனக்கு ஒண்ணும் பயமில்லை.

தங்கச்சி விசயத்தை மட்டும் எழுதாதீக. பேச்சு வாக்குல சொல்லிட்டேன். அது வீட்டு விசயம். அதுக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் இருக்கு.

அவளைப் பாக்கணுமா? எதுக்கு? அவளுக்கு என்ன தெரியும், அவ உங்களுக்கு என்ன சொல்லப் போறா? அதுவும் இல்லாம அவ இப்ப வீட்டுல இருக்க மாட்டா. வேலைக்குப் போறா. அந்தக் கழுகுமலை ரோட்டு மெஷின் கம்பெனிக்குத்தான். வயசைக் குறைச்சுச் சொல்லிச் சேந்திருக்கா. மெஷின்ல இருந்து வர்ற பெட்டியை எடுத்துப் பண்டல் கட்டுற வேலை. அங்க உள்ள பெரிய பெரிய காத்தாடி எல்லாம் இருக்குதாம், ஜெயக்கொடி சொன்னா. இவ அப்பப்பக் கனியைப் போயிப் பாத்துட்டு வருவா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு.

மணி என்ன, அஞ்சரை ஆச்சா? அப்பக் கெளம்புங்க தாயி, உங்களுக்கும் நேரமாகுதில்ல. ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்து இந்த வாசலுக்கு நேரத்தான் நிக்கும். எறங்குறதுல அவதான் கடைசி, முழங்காலு சரியில்லை, கம்பியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா எறங்குவா. நான் அந்த நேரத்துக்கு வெளிய உக்கார்றதில்லை. உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிருவேன்.